கவிதை கசந்த விஞ்ஞானி

சார்லஸ் டார்வினின் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஒரு நஷ்டம்

சார்லஸ் டார்வின் என்றதும் நீண்ட வெண்தாடியும், அடர்ந்த புருவங்களுக்கு அடியில் ஆழ்ந்த கண்களும் கொண்ட ஒரு கிழவரின் படம் நம் மனக்கண் முன் வந்து நிற்கும். உயிரினங்கள் யாவும் ஒரே நாளில் படைக்கப்பட்டவை அல்ல, எண்ணற்ற ஆண்டுகளில் சிறுகச் சிறுக மாறி வந்தவை என்பதைத் தக்க ஆதாரங்களோடு எடுத்துக் காட்டி, உலகத்தின் சிந்தனையையே திருப்பிவிட்டவர் அவர்.

அப்பேர்ப்பட்ட மேதை 1876-ஆம் ஆண்டில், தமது 67-வது வயதில், தம் வாழ்க்கைக் கதையை எழுத உட்கார்ந்தார். ஊருக்காக அல்ல, தம் குழந்தைகளும் பேரப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான். பிற்பகல் வேளைகளில் சுமார் ஒரு மணி நேரம் எழுதுவார். மே மாதம் தொடங்கி ஆகஸ்டில் முடித்துவிட்டார். தம் கீர்த்தியைப் பற்றி அதில் அவர் பெருமையடித்துக் கொள்ளவில்லை. ஆனால் ஒரு நஷ்டத்தைப் பற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறார். பணமோ, பதவியோ, உடல் நலமோ போனதைப் பற்றிய புலம்பல் அல்ல அது. இளமையில் தமக்கு அளவற்ற இன்பம் தந்த கவிதையும், சங்கீதமும், சித்திரமும் முதுமையில் ருசிக்காமல் போய்விட்டன என்பதே அந்த மகானின் துயரம்!

அழகை ரசிக்கும் சக்தி ஒரு மனிதனிடம் எப்படி வருகிறது? ரசித்தவற்றில் எவை நினைவில் தங்குகின்றன? எவை நழுவிப் போகின்றன? டார்வினின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து போனால் இந்தக் கேள்விகளுக்கு ருசிகரமான பதில்கள் கிடைக்கும்.

தாயாரின் கறுப்பு உடை

இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ஆம் தேதி டார்வின் பிறந்தார். தகப்பனார் ராபர்ட் டார்வின் பேர் பெற்ற வைத்தியர். தாயார் சுசன்னா, பீங்கான் பாண்டத் தொழிலில் உலகப் புகழ் பெற்ற ஜோசையா வெட்ஜ்வுட்டின் புதல்வி.

டார்வினுக்கு 8 வயது நடக்கும்போது, 1817-இல் அந்த அம்மையார் காலமானார். தாயைப் பற்றிப் பிற்காலத்தில் அவருக்கு ஏறக்குறைய ஒன்றுமே நினைவில்லை. மரணப் படுக்கை, கறுப்பு வெல்வெட் உடை, விசித்திரமாகச் செய்யப்பட்ட ஒரு தையல் மேஜை, இவ்வளவுதான் மனத்தில் எஞ்சியிருந்தன. முகம் இல்லை, குரல் இல்லை.

8 வயதுப் பிள்ளைக்குத் தாயின் நினைவு இப்படி அழிந்து போவானேன்? டார்வினே இதற்கு ஒரு காரணம் சொல்கிறார். தமக்கைமார் துயரம் தாங்காமல், தாயாரின் பெயரைக்கூட வீட்டில் எடுப்பதில்லையாம். பேசாத நினைவு மங்கிவிட்டது என்பது அவருடைய எண்ணம். இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக் கொள்வது நல்லது. பின்னால் இதே மனிதர் இன்னொரு மரணத்தின் முன் நிற்கப் போகிறார். அப்போது அவர் செய்த காரியத்திற்கு இங்கேதான் வேர் இருக்கிறது.

இரண்டு நாள் ஞாபகம்

ஷ்ரூஸ்பரிப் பள்ளிக்கூடத்தில் லத்தீன், கிரேக்கப் பாடல்களை நெட்டுருப் போடுவதுதான் பெரிய படிப்பு. காலைப் பிரார்த்தனை நடக்கும் நேரத்திலேயே வர்ஜிலிலிருந்தோ ஹோமரிலிருந்தோ நாற்பது ஐம்பது வரிகளை டார்வின் மனப்பாடம் செய்துவிடுவார். ஆனால் 48 மணி நேரத்திற்குள் ஒரு வரி பாக்கியில்லாமல் மறந்தும் போகும்!

அதே சிறுவன், பள்ளிக்கூடத்துத் தடித்த சுவரில் அமைந்த பழைய ஜன்னல் ஒன்றில் ஏறி உட்கார்ந்து, ஷேக்ஸ்பியரின் சரித்திர நாடகங்களை மணிக் கணக்கில் வாசிப்பது வழக்கம். அப்படிப் படி என்று யாரும் கட்டளையிடவில்லை; பரீட்சையும் கிடையாது. பிடித்திருந்தது, படித்தார். 50 ஆண்டுகளுக்குப் பிறகு, கட்டாயத்திற்காகப் படித்த வரிகள் காற்றோடு போய்விட்டன. ஆனால் அந்த ஜன்னலும், அங்கே அனுபவித்த இன்பமும் அப்படியே நினைவில் நின்றன.

1822-இல் வேல்ஸ் தேசத்து எல்லை ஓரமாகக் குதிரை மீது ஒரு பிரயாணம் போனார். இயற்கைக் காட்சியின் அழகு அவர் மனத்தை முதன்முதலாகத் தொட்டது அப்போதுதான். அவர் அடைந்த கலை இன்பங்களில் எல்லாம் கடைசி வரை கைவிடாமல் நின்றது இந்த ஒன்றே.

முதுகுத் தண்டு சிலிர்த்த சங்கீதம்

தகப்பனார் மகனை முதலில் வைத்தியம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. இரண்டு ரண சிகிச்சைகளைப் பார்க்கப் போன டார்வின், அவை முடிவதற்கு முன்பே அங்கிருந்து ஓடி வந்துவிட்டார். சரி, பாதிரியாராகவாவது ஆகட்டும் என்று 1828-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சேர்த்தார்கள்.

பாடங்களைவிட அங்கே கிடைத்த சிநேகிதர்களே அவருக்கு அதிகம் கற்பித்தார்கள். ஒரு நண்பர் நல்ல சித்திரங்களின் சுவையை ஊட்டினார். டார்வின் ஃபிட்ஸ்வில்லியம் சித்திரசாலைக்கு அடிக்கடி போக ஆரம்பித்தார். சும்மா பார்த்துவிட்டு வருகிறவர் அல்ல. எந்தப் படம் உயர்ந்தது, ஏன் உயர்ந்தது என்று அங்கிருந்த முதிய காப்பாளரோடு விவாதிப்பார். ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் எழுதிய நூலையும் ஊன்றிப் படித்தார். இந்தச் சுவை தமக்கு இயல்பாக வந்ததல்ல என்று அவரே ஒப்புக் கொள்கிறார். ஆயினும் பழகப் பழகப் பிடிபட்டது; சில ஆண்டுகள் நிலைத்தும் நின்றது. லண்டன் தேசியச் சித்திரசாலையில் செபாஸ்டியானோ டெல் பியோம்போ தீட்டிய சித்திரத்தின் முன் நின்றபோது உள்ளத்தில் எழுந்த பிரமிப்பை முதுமையிலும் அவர் மறக்கவில்லை.

சங்கீத விஷயம் இதைவிட விந்தையானது. கிங்ஸ் கல்லூரிக் கோவிலில் பாடப்படும் தோத்திர கீதங்களைக் கேட்பதற்கென்றே தம் நடையுலாவின் நேரத்தை அமைத்துக் கொள்வார். பாட்டு உச்சத்தை எட்டும்போது முதுகுத் தண்டு சிலிர்க்குமாம். சில சமயம் அந்தக் கோவிலில் பாடும் சிறுவர்களைக் கூலி கொடுத்துத் தம் அறைக்கே வரவழைத்துப் பாடச் சொல்வதும் உண்டு.

ஆனால் அவருக்குச் சங்கீத ஞானம் எள்ளளவும் கிடையாது! அபஸ்வரம் காதில் உறைக்காது, தாளம் நிற்காது, ஒரு மெட்டைச் சரியாக முணுமுணுக்கவும் வராது. இதை அறிந்த தோழர்கள் குறும்பாக அவருக்குப் பரீட்சை வைப்பார்கள். தெரிந்த பாட்டையே சற்று வேகமாகவோ நிதானமாகவோ வாசித்து, இது என்ன பாட்டு என்று கேட்பார்கள். இங்கிலாந்தின் ராஜ வாழ்த்துப் பாடலையே அடையாளம் கண்டுகொள்ள முடியாமல் டார்வின் திணறுவார். ஏறக்குறைய அவரைப் போன்றே காது மந்தமான இன்னொரு மாணவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஒரு தடவை பரீட்சையில் டார்வினை ஜெயித்துவிட்டு அவர் கொண்டாடிய வெற்றியை டார்வினே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்.

மெட்டு நினைவில் நிற்காதவருக்கு மெட்டின் இன்பம் மட்டும் எப்படிக் கிடைத்தது? அவருக்கே அது புதிராக இருந்தது.

வண்டு பிடித்த மரம்

கேம்பிரிட்ஜில் டார்வினுக்கு இருந்த பெரும் பைத்தியம் வண்டு சேகரிப்பது. ஒரு நாள் பழைய மரப்பட்டையை உரித்தபோது இரண்டு அபூர்வ வண்டுகள் அகப்பட்டன. இரண்டு கையிலும் ஒவ்வொன்றைப் பிடித்துக் கொண்டார். அதற்குள் மூன்றாவதாக ஒரு புதிய வண்டு தென்பட்டது. அதை விட மனமில்லாமல், வலது கையிலிருந்ததை வாய்க்குள் போட்டுக் கொண்டார்! அது காரமான திரவத்தைப் பீச்சியடிக்க, நாக்கு எரிந்து துப்ப வேண்டியதாயிற்று. அந்த வண்டும் போயிற்று, மூன்றாவதும் தப்பிவிட்டது.

வேடிக்கையான கதைதான். ஆனால் இதையொட்டி அவர் கவனித்த ஒரு விஷயம் வேடிக்கையல்ல. நல்ல வண்டு அகப்பட்ட இடங்களில் இருந்த கம்பங்கள், கிழ மரங்கள், மண் மேடுகள் ஆகியவற்றின் தோற்றம் அரை நூற்றாண்டு கழித்தும் அவருக்குத் துல்லியமாக நினைவிருந்தது. ஒரு செய்யுள் வரியைச் சில நாட்களுக்கு மேல் வைத்துக் கொள்ள முடியாத அதே மூளையில், ஒரு மரத்தின் உருவம் 50 வருஷம் அழியாமல் இருந்தது!

அந்த வண்டுகளை அவர் வெறுமனே பார்க்கவில்லை. இது அழகானது, இது அரியது, இது முன்பு பார்த்ததிலிருந்து மாறுபட்டது என்று ஒவ்வொன்றையும் எடை போட்டுப் பார்த்தார். மனம் நின்று மதிப்பிட்ட பொருளோடு, அதைச் சுற்றியிருந்த மரமும் மேடும்கூட ஞாபகத்தில் ஒட்டிக் கொண்டன.

இந்த உண்மையைப் பிற்கால மனோதத்துவ நிபுணர்கள் பரிசோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள். 1969-இல் அமெரிக்காவில் சிலருக்கு வார்த்தைப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு வார்த்தையும் இன்பமானதா அல்லவா என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். பின்னால் பரீட்சை உண்டு என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. அப்படியிருந்தும், மனப்பாடம் செய்ய வேண்டும் என்று முயன்றவர்களுக்குச் சற்றும் குறையாமல் அவர்கள் வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னார்கள். வார்த்தையில் எந்த எழுத்து இருக்கிறது என்று மட்டும் தேடியவர்களுக்கோ அவ்வளவு நினைவில்லை. பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஒரு கணம் யோசிப்பதே நினைவுக்கு உரமாகிறது.

மாமரமும் வறண்ட சமவெளியும்

1831-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி ‘பீகிள்’ என்னும் கப்பல் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டது. அதில் இயற்கை ஆராய்ச்சியாளராகப் போனார் 22 வயது டார்வின். கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய், முகத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் சாஸ்திரத்தில் நம்பிக்கை உள்ளவர். டார்வினின் மூக்கு அமைப்பு அவருக்குப் பிடிக்காததால், இந்த இளைஞன் ஊக்கமுள்ளவனாக இருக்க மாட்டான் என்று முதலில் சந்தேகித்தாராம்! நல்ல வேளையாக அந்தத் தீர்ப்பு மாறியது.

கப்பலை விட்டிறங்கி உள்நாட்டுக்குள் போகும்போது ஒரே ஒரு புத்தகத்தைத்தான் எடுத்துக் கொள்ள முடியும் என்றால், டார்வின் எடுத்துக் கொண்டது விஞ்ஞான நூல் அல்ல. மில்டன் மகாகவியின் காவியமே!

பிரேஸில் நாட்டில் பாஹியா துறைமுகத்தருகே வெப்ப மண்டலக் காட்டை முதல் முறை கண்டபோது அவர் ஆனந்தத்தில் திளைத்தார். 4 ஆண்டுகளுக்குப் பிறகு, 1836 ஆகஸ்டில், திரும்பும் வழியில் மறுபடி அங்கே தங்க நேர்ந்தது. இனி இந்த அழகைக் காணப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். கடைசி முறையாக நடந்து போனார். அடிக்கடி நின்று நின்று பார்த்தார். இந்தக் காட்சியை மனத்தில் என்றைக்கும் பதித்து வைத்துக் கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் அது என்றாவது தோற்றுப் போகும் முயற்சி என்பதையும் அந்த இடத்திலேயே உணர்ந்து எழுதியிருக்கிறார். ஆரஞ்சு மரம், தென்னை, பனை, மாமரம், வாழை ஆகிய இவற்றின் உருவங்கள் தனித்தனியே மனத்தில் நிற்கும். ஆனால் அவற்றையெல்லாம் ஒரே காட்சியாக இணைக்கும் ஆயிரம் அழகுகள் மங்கித்தான் போகும். போனாலும், சிறு வயதில் கேட்ட கதையைப் போல், தெளிவில்லாத, ஆனால் மிக அழகிய உருவங்கள் நிறைந்த ஒரு சித்திரத்தை விட்டுச் செல்லும் என்பது அவர் கண்ட முடிவு.

பிரயாண நூலை முடிக்கும் கட்டத்திலே இன்னொரு விந்தையையும் கூறுகிறார். இவ்வளவு அழகுகளைக் கண்ட பிறகு, அடிக்கடி அவர் கண் முன் வந்து நின்றது எது தெரியுமா? தென் அமெரிக்காவின் கோடியிலுள்ள படகோனியாவின் வறண்ட சமவெளி! மரமில்லை, நீரில்லை, மலையில்லை, வீடில்லை. எல்லோரும் பயனற்றதென்று ஒதுக்கிய அந்தப் பொட்டல், பசுமை கொழிக்கும் நிலங்களைவிட உறுதியாக நினைவைப் பற்றிக் கொண்டதற்குக் காரணம் என்ன என்று யோசித்தார். எல்லையே தெரியாத அந்த வெளி, கற்பனை தாராளமாக உலாவ இடம் கொடுத்ததுதான் காரணமோ என்று எண்ணினார். கண்ணுக்கு விருந்தாக இருந்ததை மட்டுமல்ல, மனத்துக்கு வேலை கொடுத்ததையும் நினைவு விடுவதில்லை போலும்.

ஒவ்வொரு ஸ்வரத்தையும் அறிந்து கேட்பவன், நல்ல ரசனையும் உள்ளவனானால், சங்கீதத்தை முழுமையாக அனுபவிப்பான். அதுபோலக் காட்சியின் ஒவ்வொரு பகுதியையும் ஆராய்ந்து பார்ப்பவனே முழுக் காட்சியின் அழகையும் உணர்வான் என்பது அவருடைய இளமைக் கொள்கை.

ஆனியின் முகம்

1836 அக்டோபரில் தாயகம் திரும்பிய டார்வின், 1839 ஜனவரி 29-ஆம் தேதி தம் மாமன் மகள் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். எம்மா பியானோ வாசிப்பதில் கெட்டிக்காரி. 1842-இல் லண்டனை விட்டுக் கென்ட் மாகாணத்தில் டவுன் என்ற கிராமத்தில் குடியேறினார்கள். தம்பதிகளுக்கு 10 குழந்தைகள் பிறந்தன. மூன்று சிறு வயதிலேயே இறந்தன.

அவற்றில் டார்வினின் நெஞ்சைப் பிளந்தது செல்ல மகள் ஆனியின் மரணம். 1851 ஏப்ரல் 23-ஆம் தேதி, 10 வயதில், மால்வெர்ன் என்னும் ஊரில் சிகிச்சை பெற்று வந்தபோது அந்தக் குழந்தை கண் மூடியது. கர்ப்பிணியான எம்மா வீட்டில் இருந்தார். படுக்கையருகே இருந்தவர் தகப்பனாரே.

ஒரு வாரம் கழிந்தது. டார்வின் காகிதத்தை எடுத்து வைத்துக் கொண்டு, மகளைப் பற்றி நினைவிலிருந்ததை எல்லாம் எழுதினார். பிற்காலத்தில் தாங்கள் உயிரோடிருந்தால், இப்போது எழுதி வைக்கும் குறிப்புகள் அவளைத் தெளிவாக நினைவுக்குக் கொண்டு வரும் என்பதற்காகவே எழுதுவதாகச் சொன்னார். தாயின் பெயரை வீட்டில் எவரும் சொல்லாததால் தாயின் முகத்தையே இழந்த பிள்ளையல்லவா? மகளையும் அப்படி இழக்க அவர் மனம் ஒப்பவில்லை.

ஆனியின் நிழற்படம் ஒன்று வீட்டில் இருந்தது. உருவம் சரியாக இருக்கிறது. ஆனால் முகபாவம் அதில் அடியோடு வரவில்லை என்று எழுதினார். தமக்காகத் திருட்டுத்தனமாக ஒரு சிட்டிகை மூக்குப் பொடியை எடுத்துக் கொண்டு, அப்பாவை மகிழ்விக்கப் போகிறோம் என்ற பூரிப்புடன் மாடிப்படியில் ஓடி வருவாளே, அந்தத் தோற்றத்தையே வார்த்தைகளில் பிடித்து வைத்தார். படம் தவறவிட்ட அழகு எது என்று தகப்பனின் கண் தேர்ந்து எடுத்தது. 25 ஆண்டுகளுக்குப் பிறகு வாழ்க்கைக் கதையை எழுதும்போதும், அவளுடைய இனிய குணங்களை நினைத்தால் கண்ணில் நீர் வருகிறது என்று குறிப்பிட்டிருக்கிறார்.

மயில் தோகை தந்த தலைவலி

1859 நவம்பரில் உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய மகத்தான நூல் வெளிவந்தது. உலகமே பரபரப்படைந்தது. ஆனால் நூலாசிரியரை ஓர் அழகிய பொருள் வதைத்துக் கொண்டிருந்தது. அதுதான் மயில் தோகை! பிழைப்பதற்கு உதவும் உறுப்புகளே நிலைத்து நிற்கும் என்றால், பறக்கவும் ஓடவும் தடையாக இருக்கும் இந்தத் தோகை எதற்காக? மயிலிறகைப் பார்த்தாலே தமக்குக் குமட்டுகிறது என்று 1860-இல் அமெரிக்க நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார்.

1871-இல் வெளியான இன்னொரு நூலில் விடை கொடுத்தார். பெண் மயில் அழகைத் தேர்ந்தெடுக்கிறது. தலைமுறை தலைமுறையாக நடந்த அந்தத் தேர்வே தோகையை வளர்த்தது என்றார். பறவைக்கு ரசனையா என்று அக்காலத்து அறிஞர்கள் பலர் பரிகசித்தார்கள். பெண் பறவைகள் துணையைத் தேர்ந்தெடுக்கின்றன என்பது பிற்கால ஆராய்ச்சிகளில் பலமுறை ஊர்ஜிதமாகியிருக்கிறது.

பறவைக்கும் அழகுணர்ச்சி உண்டு என்று உலகத்தோடு வாதாடிய அதே ஆண்டுகளில், அவருடைய சொந்த அழகுணர்ச்சி மெல்ல மெல்ல வற்றிக் கொண்டிருந்தது! விதியின் விளையாட்டை என்னவென்று சொல்வது?

யந்திரமாகிவிட்ட மனம்

30 வயது வரையிலும், அதற்குப் பிறகும் சில காலம், மில்டன், பைரன், வேர்ட்ஸ்வொர்த், ஷெல்லி ஆகியோரின் கவிதைகள் தமக்குப் பேரின்பம் தந்தன என்கிறார் டார்வின். பிறகு ஒரு வரி கவிதையைக்கூடப் பொறுக்க முடியவில்லை. அன்று ஜன்னலில் உட்கார்ந்து படித்த ஷேக்ஸ்பியரை மறுபடி எடுத்துப் பார்த்தார். குமட்டும் அளவுக்குச் சலித்தது. சித்திரமும் அப்படியே. சங்கீதம் கேட்டால் இன்பம் வருவதற்குப் பதிலாக, அன்றைக்குச் செய்த ஆராய்ச்சியே மூளையில் சுழல ஆரம்பித்துவிடும்.

நாவல்கள் மட்டும் தப்பின. வீட்டார் வாசிக்கக் கேட்பார். கதாநாயகி அழகியாக இருந்தால் மிகவும் நல்லது. முடிவு சோகமாக மட்டும் இருக்கக் கூடாது. சோகமாக முடியும் நாவல்களைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று கேலியாகச் சொன்னார்.

ஏன் இப்படி ஆயிற்று? அவர் சொன்ன விளக்கம் பிரசித்தமானது. குவியல் குவியலாகச் சேர்ந்த தகவல்களை அரைத்துப் பொது விதிகளைப் பிழிந்தெடுக்கும் யந்திரமாகத் தம் மனம் ஆகிவிட்டது என்றார். பெரிய உறைகளில் 30, 40 தொகுதிகளாகக் குறிப்புகளை அடுக்கி வைத்திருந்தார். கொட்டலசு என்னும் கடற்பிராணி ஒன்றை ஆராய்வதற்கே 1846 முதல் 8 ஆண்டுகள் செலவிட்டார். அத்தனை உழைப்புக்கும் நடுவே கவிதையை எடுத்துப் பார்க்க நேரம் ஏது?

ஞாபகம் மனத்தின் சாய்வுக்கு அடிமை என்பதை டார்வினைப் போல் உணர்ந்தவர்கள் குறைவு. தமது கொள்கைக்கு விரோதமான செய்தி எதைக் கண்டாலும் உடனே எழுதி வைத்துவிட வேண்டும் என்பது அவர் கடைப்பிடித்த பொன் விதி. சாதகமான செய்திகளைவிட விரோதமான செய்திகள் சீக்கிரம் மறந்து போகின்றன என்று அனுபவத்தில் கண்டிருந்தார். மனம் எதை நல்லது என்று தீர்ப்பளிக்கிறதோ அதன் பக்கமே ஞாபகம் சாய்கிறது. விஞ்ஞானத்தில் இந்த ஆபத்தை எழுதி வைத்துச் சமாளித்தார். மகள் விஷயத்திலும் அப்படியே செய்தார். கவிதைக்கு அப்படி எதையும் செய்யவில்லை. புத்தகத்தை மூடி வைத்தார், ஆண்டுகள் ஓடின, திறந்து பார்த்தபோது சுவை போயிருந்தது.

நல்ல பாட்டு; ஆனால் எது?

என்றாலும் அவர் நினைத்த அளவுக்கு எல்லாம் போய்விடவில்லை என்பதை அவருடைய மகன் பிரான்ஸிஸ் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகள் காட்டுகின்றன.

மாலை வேளைகளில் எம்மா பியானோ வாசிப்பார். டார்வின் சோபாவில் சாய்ந்து கேட்டுக் கொண்டிருப்பார். பேதோவனின் சில பகுதிகளும் ஹாண்டலின் சில பகுதிகளும் அவருக்கு மிகவும் பிரியம். பலமுறை கேட்ட பாட்டுத்தான். ஆனால் மறுமுறை கேட்கும்போது இன்னதென்று தெரியாது. மிக நன்றாயிருக்கிறது என்பார். உடனே, அது என்ன பாட்டு என்றும் கேட்பார்! ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவருக்குப் பிடித்தது எப்போதும் அதே பாட்டுத்தான். பெயர் மறந்தது, மெட்டு மறந்தது; தீர்ப்பு மட்டும் மாறவில்லை. தமக்குப் பிடித்த பாட்டுகளுக்கு ஒரு ஜாபிதா தயாரித்து, ஒவ்வொன்றும் தம் மனத்தில் எழுப்பிய உணர்ச்சியைச் சில வார்த்தைகளில் குறித்தும் வைத்திருந்தார். அந்தக் காகிதம் பிறகு தொலைந்து போயிற்று.

இதுவும் பிற்காலத்தில் ஆராயப்பட்ட விஷயமே. கடும் ஞாபக மறதி நோயால் பீடிக்கப்பட்ட சிலருக்கு, அவர்கள் அறியாத அந்நிய நாட்டு மெட்டுகளைக் கேட்கச் செய்து, பிறகு புதிய மெட்டுகளோடு கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1985-இல் வெளியான ஆராய்ச்சி அது. எதை முன்பு கேட்டோம் என்று சொல்ல அவர்கள் மிகவும் திணறினார்கள். ஆனால் எது பிடித்திருக்கிறது என்று கேட்டபோது, முன்பு கேட்டவற்றையே அதிகம் விரும்பினார்கள். ஞாபகம் கதவடைத்த பிறகும், விருப்பம் பின்வாசல் வழியாக வந்து போகிறது!

உருக்கமான பாட்டுகளைக் கேட்டு டார்வின் கண் கலங்கியதுண்டு. 1881-இல் ஹான்ஸ் ரிக்டர் என்ற புகழ் பெற்ற சங்கீத வித்வான் டவுன் கிராமத்திற்கு வந்து பியானோ வாசித்தபோது, 72 வயதுக் கிழவர் குழந்தை போல் உற்சாகம் அடைந்தார். சுனை அடியோடு வற்றிவிடவில்லை, தூர்ந்து போயிருந்தது. யாரோ ஒருவர் தோண்டினால் ஊறத்தான் செய்தது.

வாரம் ஒரு முறை

மறுபடி வாழ ஒரு வாய்ப்புக் கிடைத்தால் என்ன செய்வார்? டார்வின் தம் வாழ்க்கைக் கதையிலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். வாரத்தில் ஒரு தடவையாவது கொஞ்சம் கவிதை படிப்பதையும், கொஞ்சம் சங்கீதம் கேட்பதையும் ஒரு விதியாக வைத்துக் கொள்வாராம். அப்படிச் செய்திருந்தால், மூளையில் வாடிப்போன பகுதி உபயோகத்தினால் உயிரோடு இருந்திருக்கும் என்று நம்பினார். இந்தச் சுவைகளை இழப்பது சந்தோஷத்தையே இழப்பதாகும். அது அறிவுக்கும் கேடாகலாம். நம் சுபாவத்தின் உணர்ச்சிப் பகுதியைப் பலவீனப்படுத்துவதால் ஒழுக்கத்துக்கும் கேடாகலாம் என்று எச்சரித்தார்.

1882 ஏப்ரல் 19-ஆம் தேதி டார்வின் காலமானார். ஒரு வாரம் கழித்து, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருடைய பூத உடல் சகல மரியாதைகளுடன் அடக்கம் செய்யப்பட்டது. 1887-இல் பிரான்ஸிஸ் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றின் மூலம்தான் வெளி உலகம் அந்தப் பெரியாரின் அந்தரங்கத் துயரத்தை அறிந்தது.

அவர் கேட்டது பெரிய தவம் அல்ல. வாரத்திற்கு ஒரு பாட்டு. வாரத்திற்கு ஒரு கவிதை. வரிகள் மறந்து போகலாம், அதனால் குற்றமில்லை. டார்வினுக்கும் மறந்துதான் போயின. கேட்ட ஒன்றை நன்றாயிருக்கிறது என்று மனமாரச் சொல்லும் வழக்கம் மட்டும் விட்டுப் போகக் கூடாது. ஏழு நாளில் ஒரு நாள் அதற்கு ஒதுக்க நம்மில் யாருக்கும் முடியாமல் போகாது. ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறதே!